ஸ்டெல்லா சிஸ்டரின் பழைய ரோகிணி

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிற்சாலையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஏழுமலைதான் கூப்பிட்டார். "சார், சிஸ்டர் பூட்டாங்க சார். காபி குடிச்சிகினு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். எனக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு புது ரோகிணி கார் நின்றிருந்தது. அதன் பின்கதவில் மின்னிய பெயரைப் பார்த்தபடியே, "எப்போ அடக்கம்?" என்று கேட்டேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த யாருக்கும் சிஸ்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் மருத்துவ அறையின் செவிலியர். வீடு மணிமங்கலம் பக்கம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஒருமுறை சூப்பர்வைசர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அழைத்து வந்து, "நடிக்குது சிஸ்டர், மாத்திரை குடுத்து லைனுக்கு அனுப்புங்க" என்றார். சிஸ்டர் தலையை நிமிர்த்தவேயில்லை. "நடிக்குதுன்னே வச்சிக்க. சும்மா கீற பொண்ணு எதுக்குப்பா நடிக்கும்? அத்தக் கேட்டுகினு வா, அப்பால அனுப்புறேன்" என்றார். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பெண் அன்று மாலைவரை கட்டிலில் தூங்கினாள்.

சிஸ்டரிடம் ஒரு பழைய ரோகிணி இருந்தது. என்றோ மூடிவிட்ட ஒரு கம்பெனி செய்த கார். நீண்ட மூக்கு, சோபா போன்ற பின் இருக்கை, ஒரு கல்யாணத்துச் சீர்வரிசையே அடங்குகிற டிக்கி. சிஸ்டரின் கணவர் அதை ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினாராம். அவர் காலமான பிறகு சிஸ்டர் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். எந்தக் காலத்திலோ நீலமாக இருந்த வண்டி, நாங்கள் பார்க்கும்போது பலமுறை துவைத்த பள்ளிச் சட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது.

அந்த வண்டியில்தான் அவர் விடுதிப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, நாலைந்து பேராக ஒரே அறையில் தங்கியிருக்கும் பெண்கள். வேலை நேரத்துக்கு வெளியே அவர்களுக்கு ஏதாவது ஆனால் அது கம்பெனியின் பொறுப்பில் வராது. ஆம்புலன்சைக் கூப்பிடவும் அவர்களுக்குப் பயம். "ஆம்புலன்சுல போனேன்னு ஊருக்குத் தெரிஞ்சா எங்கப்பா அடுத்த பஸ்ஸுலயே வந்து கூட்டிட்டுப் போயிருவாவ சிஸ்டர்" என்று ஒருத்தி அழுததை நானே கேட்டிருக்கிறேன். சிஸ்டரின் கார் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. சர்ச்சுக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பின் இருக்கையில் ஒரு பெண் காலை மடக்கிப் படுத்துக்கொண்டே போகலாம்.

அப்படிப் போய்வந்தவர்களில் ஒருத்தி இசக்கியம்மாள், வள்ளியூர்ப் பக்கம். காய்ச்சல் விட்டுத் திரும்பிய நாளில் வண்டியின் கதவில் ஒரு துருப்புள்ளியைப் பார்த்திருக்கிறாள். "என்ன சிஸ்டர், இப்பிடியே விட்டா ஓட்டை விழுந்துரும்லா" என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் எடுத்து அதன்மேல் ஒரு பொட்டு வைத்தாள். எங்கள் உற்பத்தி லைனில் நகத்தில் பாலிஷ் போடக்கூடாது. "கையிலதான் போட விட மாட்டேங்காவ, காருக்காவது போடுதேன்" என்றாளாம். சிஸ்டர் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதன்பின் அது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு பெண்ணும் ஒரு பொட்டு வைத்தாள். வேலையை விட்டு ஊருக்குப் போகிறவளும் வைத்தாள். சிவப்பு, ரோஸ், மெரூன், ஒரு துணிச்சல்காரி வைத்த கறுப்பு. துரு இருக்கிற இடம், இல்லாத இடம் என்ற கணக்கெல்லாம் போய், இடது பக்கம் முழுக்க அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு அதே பெண்கள் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். முன்கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். சிஸ்டர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஓட்டிப்போவார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் நிறுவனம் ரோகிணி என்ற பழைய பெயரை விலைக்கு வாங்கியது. நாலு மீட்டருக்குள் அடங்கும் ஒரு சின்னக் கார் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் வேண்டும். புதுப் பெயரை மக்கள் மனதில் பதிய வைக்க ஆகும் செலவைவிட, ஏற்கெனவே பதிந்திருக்கிற பெயரைத் தூசி தட்டி எடுப்பது லாபம் என்று முடிவானது. விளம்பரப் பிரிவில் இருந்த நான்தான் "உங்கள் நினைவில் ஓடிய கார், இனி உங்கள் தெருவில்" என்று எழுதினேன். அப்போது அதை எழுதியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சிஸ்டரிடம் புது வண்டியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "பேரை மட்டும் எடுத்துகினு பின் சீட்டை வுட்டுட்டீங்களே சார். இதுல ஒரு பொண்ணு படுக்க முடியுமா?" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அறிமுக விழாவில் புது ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரோகிணி நிற்க வேண்டும் என்பது என் யோசனை. சிஸ்டர் முதலில் முடியாது என்றார். நான் விடவில்லை. கடைசியில், "சரி, எடுத்துகினு போங்க. ஆனா அப்படியே நிறுத்தணும். துணி போட்டுக்கூடத் தொடைக்கக் கூடாது. அது மேல என் பொண்ணுங்க கீதுங்க" என்று சாவியை என் கையில் வைத்தார். "நீங்க கவலையே படாதீங்க சிஸ்டர்" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

விழாவுக்கு முந்தைய நாள், ஏற்பாடு செய்யும் பையன் ஒருவன் ஓடி வந்தான். "சார், பழைய வண்டி பக்கத்துல நின்னா புதுசே டல்லா தெரியுது. ரெண்டுக்கும் ஒரே மஞ்சள் குடுத்துடலாமா? பெயின்ட் இல்ல சார், ஸ்டிக்கர் மாதிரி ஃபிலிம்தான். உரிச்சா வந்துடும்" என்றான். நான் டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகளுக்குப் பூங்கொத்து வரவில்லை என்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தேன். போனைக் கையால் மூடிக்கொண்டு அவனிடம் "பாத்துக்கோங்க" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபது வருட உத்தியோகத்தில் நான் நன்றாகக் கற்ற ஒரே வார்த்தை அதுதான்.

மறுநாள் சிஸ்டர் வந்து பார்த்தார். முதலில் திகைத்து, பிறகு சிரித்தார். "இன்னா சார் இது, என் கிழவிக்கு மஞ்சத்தண்ணி ஊத்திட்டீங்களா?" என்றார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் அவர் இடது கதவருகே போய் அந்த மஞ்சளின் மேல் உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். ஃபிலிமுக்கு அடியில் பொட்டுகள் மேடு மேடாகத் தட்டுப்பட்டிருக்கின்றன. "கீதுங்க, உள்ளதான் கீதுங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். விழா மேடையில் என் வாசகத்தை ஒரு நடிகர் வாசித்தபோது அவரும் கைதட்டினார்.

விழா முடிந்தும் வண்டி சில நாட்கள் எங்கள் முற்றத்து வெயிலில் கிடந்தது. எங்கள் தொழிற்சாலை இருக்கிற வல்லம் வடகால் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பிறகு ஃபிலிமை உரித்தார்கள். சிஸ்டரும் ஏழுமலையும் நானும் நின்று பார்த்தோம். வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல அது வந்தது. கூடவே பழைய நீலமும் வந்தது. பொட்டுகளும் வந்தன. உரித்த மஞ்சளின் பசைப்பக்கம் முழுக்கச் சிவப்பும் ரோஸுமாக ஒட்டியிருந்தன. வண்டியின் இடது பக்கத்தில் வெறும் தகரம் தெரிந்தது. வேலை செய்த பையன்கள் பதறிப்போய் ஃபிலிமைச் சுருட்ட, பசை பசையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெரிய உருண்டை ஆகிவிட்டது. அதைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"நம்ம பெயின்ட் ஷாப்புலயே புதுசு மாதிரி அடிச்சுக் குடுத்துடலாம் சிஸ்டர்" என்றேன்.

"எந்தக் கலர்ல அடிப்பீங்க சார்?" என்று கேட்டார்.

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். தகரம் தெரிய அந்த வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை தினமும் அதே வண்டியில்தான் வந்தார். வண்டியை எங்கே நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். நான் என் காரை எதிர்ப்புறத் திடலுக்கு மாற்றிக்கொண்டேன், நிழல் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். அந்தப் பக்கம் நிழலே கிடையாது. மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் எப்போதும்போலக் கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, "பிரஷர் ஏறுதே சார், உப்பைக் கொறைங்க" என்பார். உப்பு காரணமில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் கூச்சம் அங்கேயே தீர்ந்திருக்கும். புதிய பெண்கள் பாலிஷோடு வந்தால் மட்டும், "வேணாம்மா, நகத்துல போட்டுக்கோ" என்று அனுப்பிவிடுவாராம். இது ஏழுமலை சொன்னது.

அடக்கத்துக்குப் போனேன். சர்ச் மதில் ஓரம் அந்த வண்டி நின்றது. தகரத்தில் துரு படர்ந்திருந்தது. ஜெபமும் அடக்கமும் முடிந்து வெளியே வந்தால், தெற்கிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்கள் சிலர் வண்டியின் இடது பக்கம் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு இருந்தவள் இசக்கியம்மாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார், நீங்க கம்பெனி சாருதான? எங்க பொட்டெல்லாம் வெயில்ல உதிர்ந்துட்டுன்னு சிஸ்டர் போன்ல சொன்னாவ. நானும் வெளையாட்டுக்குச் சொல்லுதாவன்னு நெனச்சேன். ஒண்ணுகூடவா சார் மிஞ்சல?"

ஸ்டெல்லா சிஸ்டர் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. கம்பெனி பெயரையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வெயிலின் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெட்டியை மண்ணில் இறக்கிய ஈரம்கூட இன்னும் காயவில்லை. ஆனால் நான் சொன்னது இதுதான்: "ஆமாம்மா. இந்த ஊர் வெயில் அப்படி."

அவள் நம்பிவிட்டாள். வெறும் தகரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். குழந்தையின் கையையும் பிடித்து ஒருமுறை தடவவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

சிஸ்டரின் நினைவாக உங்களில் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது அவர் எனக்காகச் சொன்ன ஒரு பொய் மட்டும்தான். அவர் இருந்தவரை, எனக்கே தெரியாமல் அதன் நிழலில் ஒதுங்கியிருந்தேன். அவரை அடக்கம் செய்த அன்று அதையே என் வாயாலும் சொன்னேன். இனியும் அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

இசக்கியம்மாள், இது உங்கள் கைக்கு வந்தால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் பொட்டுகள் அவ்வளவு வருட வெயிலையும் தாங்கி நின்றன. உதிர்த்தது வெயில் இல்லையம்மா, நான்.