தோளில் போன வீடு

போன வாரம் எங்கள் பெஹாலா வீட்டுக்குப் புரோமோட்டர் வந்தார். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புகிற ஆளுக்குக் கல்கத்தாவில் அதுதான் பெயர். இவர் பப்பாய்தா. எங்கள் தெருவில் ஏற்கெனவே நான்கு வீடுகளை விழுங்கி ஏப்பம் விட்டவர். என் அப்பா துறைமுக வேலையில் ஓய்வு பெற்ற கையோடு கட்டிய வீட்டை, பழைய பேப்பர் கட்டைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வழவழப்பான ஒரு படத்தை மேஜையில் விரித்தார். எட்டு மாடி. வாசலில் இரண்டு கல் பூதங்கள், நடுவில் ஒரு குட்டித் தென்னை. பெயர் 'பாலி ரெசிடென்சி'.

"இந்தோனேசியா ஃபீல், தாதா," என்றார். தாதா என்றால் அண்ணன்.

அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பானில் குத்தியிருந்த கிராம்பைப் பிடுங்கி என் மேஜைமேலேயே வைத்தார். பானை வாயில் அடக்கிக்கொண்டு, "சோய் கோரே தின்" என்று பேனாவை நீட்டினார். கையெழுத்தைப் போட வேண்டுமாம். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே 'மேற்படி நிலமும் அதன்மேல் நிற்கும் சகலமும்' என்று ஒரு வரி. அந்த வரியையும் கிராம்பு வாசனையையும் ஒன்றாகச் சந்தித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, கிராம்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் மசாலாக் கடையில் தொடங்கி கிராம்பு இறக்குமதிக்குத் தாவியவர் என் அப்போதைய முதலாளி. தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் ஒரே தரத்தில் திட்டக்கூடியவர். கிராம்பு வாங்கி அனுப்ப, இந்தோனேசியாவில் சுலாவேசித் தீவின் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்கு என்னை அனுப்பினார். மகாசர் நகரத்திலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ். வழியில் டிரைவர் தன் மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அந்த அம்மாள் பஸ்ஸில் இருந்த எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். நான் மட்டும் இறங்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'நாகரிகம் தெரியாத ஜனம்' என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ஹௌரா பாலத்து நெரிசலில் மணிக்கணக்காக நின்று வளர்ந்தவனுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்.

கிராமத்தில் ஐம்பது அறுபது வீடு இருக்கும். தெரு முழுக்கப் பாயில் கிராம்பு காயும். மூக்கில் ஏறிய அந்த வாசனை கல்கத்தா திரும்பி ஆறு மாதம் வரை இறங்கவில்லை. படகுத்துறையை ஒட்டி இருந்த இபு ரமலாவின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். இபு என்றால் அம்மா. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர், மீன் உலர்த்தி விற்றுப் பெண்ணைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க மரம். ஆள் உயரக் கால்களின்மேல் நிற்கும். தரைப் பலகை இடுக்கில் என் பேனா விழுந்தால் கீழே கோழி வந்து கொத்திப் பார்க்கும். 'ஒரு பெட்டிக்குள் குடியிருக்கிறேன்' என்று அதையும் அம்மாவுக்கு எழுதினேன்.

முதலாளிக்குப் படகுத்துறையில் ஒரு கோடவுன் வேண்டும் என்று ஆசை வந்தது. ரமலாவின் வீடு நின்ற மண் அவர் கணவனின் தம்பிக்குச் சொந்தம். மகாசரில் இருந்த அந்த மனுஷன், அண்ணி என்று ஒருத்தி இருப்பதையே மறந்துவிட்டு, கேட்டவுடன் விற்றான். வெளிநாட்டுக்காரன் அங்கே மண் வாங்க முடியாது என்பதால் எங்கள் உள்ளூர் ஏஜெண்ட் அன்வர் பெயரில் பத்திரம். வாசகம் மட்டும் முதலாளியின் வக்கீல் கல்கத்தா அலிப்பூர் கோர்ட்டிலிருந்து அனுப்பினார். நிலமும் அதன்மேல் நிற்கும் சகலமும். அவர் அந்தக் கடலைப் படத்தில்கூடப் பார்த்தவரில்லை. நானும் ஏதோ வேதவாக்கு என்று ஒரு எழுத்து மாற்றாமல் பெயர்த்து எழுதினேன்.

வீட்டைக் காலி செய்யச் சொல்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. ரமலா போட்ட சோற்றைத் தின்றுகொண்டே சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவர் மீன் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "மண்ணை வாங்கினீங்க, சரி. வீட்டை எப்ப வாங்கினீங்க?"

"பத்திரத்துல இருக்கே, இபு."

"வீடு மண்ணுலயா நிக்குது? போய்ப் பாரு, நாக்." நாக் என்றால் மகனே.

விளக்கை எடுத்துக்கொண்டு கீழே போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு காலும் மண்ணுக்குள் இறங்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தட்டைக் கல்லின்மேல் சும்மா நின்றது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் தூங்கி எழுந்தவன், அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் அப்படியே அங்கே வந்தார்கள். எண்பது பேருக்குக் குறையாது. வீட்டுக் கால்களில் நீள மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டினார்கள். பெண்கள் ஒரு பக்கம் வாழைப்பழத்தைப் பொரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கோ கல்யாணம் மாதிரி. ஒரு கிழவர் வீட்டுப் படியில் ஏறி நின்று குரல் கொடுக்க, எண்பது தோளும் ஒன்றாக எழும்ப, வீடு நகர்ந்தது. ஓலைக்கூரை, ஜன்னல், உள்ளே என் டிரங்குப் பெட்டி, ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பூனை, எல்லாம் சேர்ந்து தெருவில் போனது. நான் குடை பிடித்துக்கொண்டு கம்பெனிப் பிரதிநிதியாக ஓரத்தில் நின்றேன்.

"ஏய் இந்தியா! குடையை மடக்கிட்டு இங்க வா, ஒரு ஆள் குறையுது!" என்று கத்தினான் அன்வர். நிலம் யார் பெயரில் இருந்ததோ அந்த அன்வர்தான். அவன் தோளிலும் ஒரு மூங்கில்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, போய்த் தோள் கொடுத்தேன். மசூதியைத் தாண்டி ரமலாவின் பெரியப்பா மகனுடைய தோப்பில் இறக்கினோம். ஒரு வாரம் தோள் வீங்கிக் கிடந்தது. கடல் தெரிந்த என் ஜன்னலில் மறுநாள் காலை மசூதிச் சுவர் தெரிந்தது.

படகுத்துறைக் கடையில் இருந்த ஊரின் ஒரே தொலைபேசியில் முதலாளி கூப்பிட்டார்.

"வீட்டை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார். அவங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எதை?"

"வீட்டை சார்."

திட்டு மூன்று பாஷையிலும் வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் உங்களிடம் மார்தட்டிக்கொள்ளலாம். ஊர் திரும்புவதற்கு முந்தின மாதம் ரமலா என்னிடம் யோசனை கேட்டார். அந்த வருஷம் கிராம்பு நல்ல விளைச்சல், மகளும் ஆசிரியை ஆகியிருந்தாள், வீட்டுக் கால்களில் இரண்டு உளுத்துப்போயிருந்தன. மரத்தையே மாற்றலாமா, வேறு மாதிரி கட்டலாமா என்றார். படித்தவன், பெரிய பட்டணத்துக்காரன், தோளும் கொடுத்தவன் என்று கேட்டார். அறிவுக்கொழுந்து நான் சொன்னேன்: "செங்கல், சிமெண்ட்டுல கட்டுங்க இபு. அதுதான் வீடு. இது வெறும் பெட்டி." பெஹாலாவில் அப்பா கட்டிய வீட்டின் போட்டோவைக்கூட எடுத்துக் காட்டினேன். ரமலா அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அதே தோப்பில் அதே மாதிரி கட்டினாராம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் உட்பட. அன்வர் எப்போதாவது வாட்ஸப்பில் பேசுவான், அவன் சொல்லித்தான் தெரியும். பெரியப்பா மகன் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் தோப்பை ஒரு ரிசார்ட்டுக்கு விற்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்களாம், பழைய பழக்கம். வீட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த மூங்கில்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்களாம். இப்போது அங்கே நீச்சல் குளம். கரையில் தொப்பி போட்டுக்கொண்டு மல்லாந்து கிடக்கிற வெள்ளைக்காரர்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

பப்பாய்தா வந்துபோன அன்று சாயங்காலம் அன்வரைக் கூப்பிட்டு, ரமலாவிடம் பேச வேண்டும் என்றேன். நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே போய்ப் போனை அவர் கையில் கொடுத்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"நீ சொன்ன மாதிரியே கட்டினேன், நாக்," என்றார். குரலில் ஒரு பெருமை. "ரொம்ப உறுதியான வீடு. மிஷின் வெச்சு இடிக்கவே மூணு நாள் ஆச்சு."

அவர் என் தோள் வலியை ஞாபகமாக விசாரித்துவிட்டுப் போனை வைத்தார்.

ஒப்பந்தக் காகிதம் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது. நாளைக்கு பப்பாய்தா மறுபடி வருவார். "லிஃப்ட் வருது, கார் நிறுத்த இடம் வருது, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?" என்கிறாள் என் மனைவி. கையெழுத்தைப் போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். வேறு என்ன செய்யப்போகிறேன்? நேற்று மாடியில் நின்று தெருவை வீடு வீடாக எண்ணிப் பார்த்தேன். தோள் கொடுக்க வா என்று பெயர் சொல்லிக் கூப்பிட, இந்தத் தெருவில் எனக்கு நாலு பேரைத் தெரியவில்லை.