மாமியார் எடைக்கு அமைந்த கார்

சலினாஸ் ஊரில் வில்பெர்த்தோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவனுடைய மஞ்சள் காரைத் தெரியாதவர் இல்லை. வாரமெல்லாம் பள்ளிப் பேருந்தை ஒழுங்காக நேரே ஓட்டுகிற மனிதன்தான். ஞாயிற்றுக்கிழமை கால் மைல் பந்தயத்தில் மட்டும் அவனுடைய கார் வேகமெடுத்ததும் குடிகாரன் வீடு திரும்புவதுபோல இடப்பக்கம் ஒதுங்கும். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"இந்தா மனுஷா, வர்ற ஞாயித்துக்கிழம இது நேரா ஓடலேன்னா கார் ஷெட்ட எனக்கு விட்டுரு. நான் அங்க முடி வெட்டுற கட போடப்போறேன்" என்றாள் மனைவி நெரெய்தா. சும்மா சொல்லவில்லை, சுழல் நாற்காலி ஒன்றை வாங்கி வந்து காருக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டாள்.

அதைப் பார்த்ததும் வில்பெர்த்தோ அன்றே வேலையில் இறங்கினான். பானட்டைத் திறந்தான். முன்சக்கர ஷாக் அப்சார்பரின் தலை வந்து பூட்டிக்கொள்கிற இரும்பு மேடையில், இரண்டு பக்கமும், துளைகளை அரத்தால் ராவி நீளமாக்கினான். தலையை அந்த நீளத்துக்குள் நகர்த்தினால் சக்கரத்தின் சாய்வு மாறும்; சாய்வு சரியானால் கார் நேரே போகும். ஆனால் அளவெடுக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் ஆள் பாரம் இருந்தே ஆகவேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பந்தயக்காரர்களின் வேதவாக்கு. அவன் ஒருவன், பானட்டுக்குள்ளும் இருக்கையிலும் ஒரே நேரத்தில் எப்படி இருப்பான்? மாமியார் ப்ரொவிதென்சியாவைக் கூப்பிட்டான்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் கார் பெருமூச்சு விட்டது. மாப்பிள்ளை ஒல்லிக்குச்சி, மாமியாரோ இரண்டு மாப்பிள்ளை.

"அத்தை, ஸ்டியரிங்கத் தொட்டுறாதீங்க. அசையவும் கூடாது."

"மூச்சு விடலாமா மாப்ள, இல்ல அதுக்கும் கோணிக்குமா?"

நூல் கட்டி, மட்டம் வைத்துப் பார்த்தான். மயிரிழைகூடப் பிசகவில்லை. சந்தோஷம் தாங்காமல், இனி எவனும் இதை அசைக்கக்கூடாதென்று சுற்றி வெல்டிங்கும் அடித்துவிட்டான்.

சனிக்கிழமை தானே ஏறி ஓட்டிப் பார்த்தான். கார் இப்போது வலப்பக்கம் ஒதுங்கியது. மாமியார் இறங்கியபோது அளவும் கூடவே இறங்கிப் போயிருந்தது. வெல்டிங் அடித்ததை இனி அசைக்க வழியில்லை; மணல் மூட்டை வைக்கலாமென்றால் பந்தய விதி விடாது. அன்று மாலை முழுக்க பன்றி வறுவலும் வாழைக்காய் மசியலும் அள்ளி அள்ளித் தின்றான். ஏப்பம் வந்தது, எடை வரவில்லை. கடைசியில் மாமியார் முன்னால் போய் நின்றான்.

"அத்தை... உங்களுக்கு லைசென்ஸ் இருக்குல்ல?"

"தொடாதீங்கன்னு சொன்ன ஆளு யாரு?"

"தப்புதான். நாளைக்குத் தொடுங்க. கெட்டியாவே புடிங்க."

மறுநாள் தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள் ப்ரொவிதென்சியா. நூல் பிடித்தாற்போல நேரே போய் ஜெயித்தாள். சிரித்த வாயெல்லாம் பிளந்தபடி நின்றன. வில்பெர்த்தோ அழுதேவிட்டான். ஷெட் பிழைத்தது, நாற்காலி நெரெய்தாவின் அக்காள் வீட்டுக்குப் போனது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவள்தான் ஓட்டுகிறாள். அவன் ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுக்கிறான். தன் எடையை மாமியார் அளவுக்கு ஏற்றினால் இருக்கை தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் அந்த வீட்டில் சமையல் மாமியார் கையில். கல்யாணமான நாளிலிருந்து 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அவன் தட்டைக் குவித்தவள், இப்போது நான்கு கீரை இலையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

"என்ன அத்தை இது, ஆட்டுக்குப் போடுற மாதிரி?"

"ஒடம்பப் பாத்துக்கணும் மாப்ள. ஒரு சுத்து பெருத்திருக்கீங்க" என்று சொல்லி, அவன் பங்குப் பன்றிக்கறியைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.