சட்டையோடு இறங்கி வரும் புகை

என் மனைவி ஜெயா காபியை ஊதி ஊதித்தான் குடிப்பாள். ஒரு நாள் காலையில் இரண்டு முறை ஊதினாள், மூன்றாவது முறைக்கு மூச்சு வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்குதுங்க" என்றாள். பனியாக இருக்கும், ஸ்வெட்டர் போடு என்றேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

வீட்டில் மூச்சு இழுப்புக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஸ்வெட்டரை நம்பி நாங்கள் ஒரு மழைக்காலத்தையே வீணாக்கினோம். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

எங்களுக்கு ஏற்காட்டில், ஒண்டிக்கடை பக்கம் ஒரு சந்தில் வீடு. நான் லாட்ஜில் ரூம் பாய். ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று, இன்னும் பாய்தான். அடுத்த வீட்டில் சரசு அக்கா. ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெயாவுக்கு இழுப்பு வந்து உதடு நீலமாகிவிட்டது. நான் கைகால் ஓடாமல் நின்றேன். சரசு அக்காதான் நடுரோட்டில் போய் நின்று ஒரு ஜீப்பை மறித்தார். மலை இறங்கிச் சேலம் சேரும்வரை ஜெயாவின் தலை அவர் மடியில் இருந்தது. "பயப்படாத கண்ணு, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சேலையில் கருகிய வாடை அடித்தது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சுக்குள் அனுப்பும் கருவி) வைத்ததும் முகம் தெளிந்தது. பிறகு ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலின் பலத்தை அளக்கும் சோதனை). "நல்லா ஊதுங்கம்மா" என்றார்கள். ஊத முடியாமல்தானே வந்திருக்கிறாள்!

ஆஸ்துமா (மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்கும் நோய்) என்றார் டாக்டர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"ஏற்காட்டுல இருந்தா மூச்சுக்கு வந்திருக்கீங்க? காத்து வாங்க நாங்க அங்க வர்றோமே" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பிறகு, "வீட்டுப் பக்கம் புகை ஏதாவது உண்டா? நோய்க்கு அதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா புகைக்குள்ள இருந்தா நான் குடுக்கற மருந்து வேலை செய்யாது" என்றார்.

ஊர் திரும்பியதும் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன். விடியற்காலையில் பனியோடு சேர்ந்து புகையும் எங்கள் சந்திலேயே படுத்திருந்தது. சரசு அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தகர டிரம். அதற்குள் பேப்பர் தட்டு, கப், சட்னி ஒட்டிய பிளாஸ்டிக் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

முன்பெல்லாம் தெருமுனையில் குப்பைத்தொட்டி இருந்தது. வழிந்து நாறும், குரங்குகள் இழுத்துப் போடும். பிறகு ஊராட்சியில், குப்பையைக் குறைக்கிறோம், இனி தொட்டியே கிடையாது, வீட்டுக்கு வீடு வண்டி வரும், மக்கும் குப்பை மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். நல்ல திட்டம்தான், நானே சந்தோஷப்பட்டேன். தெருவும் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் லீவு நாட்களில் மலையேறி வரும் கூட்டம் தின்று போடுவதை யார் உட்கார்ந்து பிரிப்பது? பிரிக்காவிட்டால் வண்டியில் வாங்குவதில்லை. வெளியே வைத்தால் அபராதம். உள்ளே வைத்தால் எலி. கடைக்காரர்கள் கொளுத்தினார்கள். தொட்டியில் கிடந்ததைத்தான் இப்போது நாங்கள் மூச்சில் வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஊராட்சி ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். "எரிக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்குதுங்க. யாரு எரிக்கறாங்கன்னு பேரச் சொல்லுங்க, இன்னிக்கே ஃபைன் போட்டர்றோம்" என்றார்.

வாயைத் திறந்தேன். நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். ஜீப்பை மறித்துக்கொண்டு நின்ற அந்தக் கோலம்தான் கண்ணில் வந்தது. "சரியாத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அக்காவிடமே பேசினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "என்ற டிரம்மாலயா தம்பி அந்தப் புள்ளைக்கு இப்படி ஆச்சு? நான் எங்கதான் கொண்டுபோய்ப் போடறது, சொல்லு. வவுத்துலயா போட்டுக்கறது?" என்று அழுதார். மறுநாளே டிரம்மைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ராத்திரி உட்கார்ந்து எச்சில் தட்டையெல்லாம் கையால் பிரித்தார்.

புகை நிற்கவில்லை. மேட்டிலிருந்து வந்தது, கடைவீதிப் பக்கமிருந்து வந்தது. நான் வேலை பார்க்கும் லாட்ஜின் பின்னாலும் ஒரு குழி உண்டு. ரூம்களின் குப்பையை மூட்டை கட்டி அங்கே கொண்டுபோய் வைப்பது என் வேலை. கொளுத்துவது தோட்டக்காரர். அந்த வேலையை விட்டால் மருந்து வாங்க வழியில்லை. யாரோடு போய்ச் சண்டை போடுவேன்?

ஜெயாவைச் சேலத்தில் அவள் தங்கை வீட்டில் விட்டேன். பஸ் போகும் ரோடு, புழுதி, வெயில். ஆனால் அந்தத் தெருவில் யாரும் எதையும் எரிப்பதில்லை. கொஞ்ச நாளில் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். காற்று மாறட்டும் என்று ஊரெல்லாம் மலை ஏறுகிறது, நாங்கள் அதற்காகவே இறங்கினோம்.

வார லீவில் நான் கீழே போவேன். முதல் தடவை ஆசையாக உள்ளே நுழைந்ததுமே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இன்ஹேலரை இழுத்து அடங்கியதும் கண்ணில் நீரோடு சொன்னாள்: "ஏனுங்க, உங்க மேல நம்மூரு பொகை நொம்ப அடிக்குதுங்க. கோவிச்சுக்காதீங்க, தலைக்குக் குளிச்சுட்டு வாங்க."

அவள் மேல் எனக்கு என்ன கோபம்? அழுகைதான் வந்தது.

அதிலிருந்து மாற்றுச் சட்டை அந்த வீட்டுக் குழாயடிக் கொடியிலேயே தொங்குகிறது. இறங்கியதும் குளித்து, துணி மாற்றி, தலை காயும்வரை வெயிலில் நிற்கிறேன். தலை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று இத்தனை வயதுவரை நான் கவனித்ததே இல்லை. இப்போது என் லீவு நாளில் பாதி அதற்கே போய்விடுகிறது. என் உடம்பைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

போன வாரம் அப்படி நின்றிருந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. ஜெயா காபியை ஊதினாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை, அதற்குமேலும் ஊதினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. வாசல்வரை போய்விட்டேன். கையை முகர்ந்து பார்த்தேன். திரும்பி வந்து மறுபடியும் குழாயைத் திறந்தேன்.