பதினோரு வேட்டி

என் அண்ணன் மதுரையில் காலேஜ் படிக்கப் போன வருஷம், எங்கள் வீட்டில் பதினைந்து நாள் ஒரே பேச்சாக இருந்தது. ஒரு மனிதனுக்கு எத்தனை வேட்டி வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சு.

யுத்தத்துக்கு முந்திய காலம். சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் தெருவில் அதுவரைக்கும் காலேஜுக்குப் போனவர் யாரும் இல்லை. ஹாஸ்டலில் இருந்து வந்த கடிதத்தை அண்ணன் வாசித்து எங்களுக்கு அர்த்தம் சொன்னான். சாப்பாடு அங்கேயே போடுவார்கள். பாய், தலையணை கொண்டுபோக வேண்டும். தேவையான துணிமணிகளும் கொண்டுபோக வேண்டும். எத்தனை என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் அந்த ஆனி மாதம் அமைதியாகக் கழிந்திருக்கும்.

"நாலு வேட்டி போதும்" என்றான் அண்ணன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் போகிறவன்தானே, அவனுக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி எல்லோரும் அவனைத் தாண்டிப் பேசினார்கள்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் பயணம் எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. ஹாஸ்டலுக்குப் போகிறவனுக்கு மட்டும் முறை இல்லை. அதனால் அவரவர் தங்களுக்குத் தெரிந்த முறையை எடுத்து அண்ணன்மேல் போட்டுப் பார்த்தார்கள். அய்யாவுக்குப் பழனி முறை.

"பழனிக்கு நடந்து போறவன் ரெண்டு வேட்டியோடதான் போறான். ஒண்ணு இடுப்புல, ஒண்ணு தோள்ல காயுது. இவன் பஸ்ஸுல போறான். வேணும்னா கூட ஒண்ணு வச்சுக்கட்டும். மூணு."

ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போய் மாதக்கணக்கில் தங்கி வருகிற சித்தப்பா, வேட்டியைப் பற்றிக் கவலையே படவில்லை. கனத்த கம்பளி ஒன்றும், அட்டை கடிக்காமல் காலில் சுற்றிக்கொள்ளச் சாக்கும் வேண்டும் என்றார். மதுரையில் அட்டை கிடையாது என்று அண்ணன் சொன்னதற்கு, "நீ பாத்தியா?" என்று கேட்டார். அண்ணன் மதுரையைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான். அதுவும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில். அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் அத்தை, அதாவது அய்யாவின் அக்காள், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னொரு வீட்டுக்குப் போயி, அவுக போடுற சோத்தத் தின்னு, அவுக சொல்ற நேரத்துக்கு எந்திரிக்கணும். இதுக்குப் பேரு என்ன? புகுந்த வீடு. பொண்ண அனுப்புற மாதிரி ஒத்தப்படையில பதினொண்ணு வச்சு அனுப்புங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"மதினி சொல்றதுதான் சரி. பதினொண்ணு" என்றாள்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. கிழிந்த வேட்டியைக் கூட நாலு துண்டாக்கி நாலு வேலைக்கு வைக்கிறவள் எங்கள் ஆத்தா.

"பதினோரு வேட்டியா? இவனுக்கென்ன பதினோரு இடுப்பா இருக்கு?" என்றார் அய்யா.

"சாரல் நேரத்துல ஒரு வேட்டி காய மூணு நாளாகுதுல்ல?"

"மதுரையில ஏதுடி சாரல்? அங்கன அடிக்கிற வெயில்ல வேட்டியோட சேந்து ஆளும் காஞ்சிருவான்."

"அவுகளுக்கு மட்டும் வானம் தனியாவா இருக்கு?"

அய்யா தலையில் அடித்துக்கொண்டார். ஆத்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், "புகுந்த வீட்டுக்கு அனுப்புற மாதிரின்னா, தாய்மாமன் துணிதானே மொதல்ல பெட்டிக்குள்ள போகணும்."

எல்லோரும் அய்யாவின் முகத்தைப் பார்த்தார்கள். தாய்மாமன் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மாமா ஆத்தாவுக்கு அண்ணன். கோம்பையில் இருந்தார். அவருக்கும் அய்யாவுக்கும் பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு நாய். மாமா தன் வீட்டில் பிறந்த செவலைக் குட்டி ஒன்றை ஆசையாக அய்யாவுக்குக் கொடுத்தார். கோம்பை நாய் என்றால் புலியையே மறிக்கும் என்று அய்யா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது வளர்ந்ததும் புலியை மறிக்கவில்லை. ஏழு மைல் ஓடிக் கோம்பைக்கே போய்விட்டது. மாமா இரண்டு முறை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை, "நாய்க்குத் தெரியாதா எந்த வீடு நல்ல வீடுன்னு" என்று சிரித்தாராம். அது சின்னமனூர்ச் சந்தை வழியாக அய்யாவின் காதுக்கு வந்தது. அன்றோடு சரி. மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அய்யா கோம்பைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எனக்கு மாமா வாங்கி வருகிற சேவும் நின்றுபோனது.

"என் வீட்ல மூணுதான்" என்று அய்யா எழுந்து துண்டை உதறினார். "பதினொண்ணு வேணும்னா கோம்பைக்குப் போயி உங்க அண்ணன்கிட்டக் கேளு, போ!"

கோபத்தில் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் தலை தெருமுனையில் மறைகிறவரை ஆத்தா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, முகம் துடைத்து, தலையில் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள்.

"தேங்கா வண்டி கோம்பைக்குப் போகுது. அதுல ஏறிப் போயி மாமாகிட்ட, 'அய்யா உங்ககிட்டக் கேக்கச் சொன்னாக'ன்னு சொல்லு."

"அய்யா கோவத்துல இல்ல சொன்னாக?"

"கோவத்துல சொன்னாகளா, சிரிச்சுக்கிட்டுச் சொன்னாகளான்னு மாமா உன்னியக் கேக்கப் போறாகளா? சொன்னாகளா இல்லியா?"

சொன்னது என்னவோ வாஸ்தவம்தான். நான் வண்டியில் ஏறினேன்.

ஆள் முகம் பார்த்துப் பேசுவதென்றால் அப்போதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோம்பைக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமா வீட்டில் கேப்பைக் களி கொடுத்தார்கள், தின்றேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன். செவலை வந்து என் முழங்காலை நக்கியது. மாமாவின் மூன்று பெண்களும் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வந்த விஷயம் மட்டும் வாயில் வரவில்லை.

"என்ன மருமகனே, வாயில கொழுக்கட்டையா? எதுக்கு வந்த?" என்றார் மாமா.

"பதினொண்ணு" என்றேன்.

"என்ன பதினொண்ணு?"

"வேட்டி. அண்ணன் காலேஜுக்குப் போறான். அய்யா உங்ககிட்டக் கேக்கச் சொன்னாக."

மாமா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார். "யாரு கேக்கச் சொன்னது?"

"அய்யா."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். "எங்க மாப்ள என்ன சொல்லி விட்டிருக்காருன்னு கேளுங்கப்பா. சொல்லுடா!" அங்கேயும் சொன்னேன். அடுத்த வீட்டில், செக்கடியில், டீக்கடையில் என்று அதே இரண்டு வரியை ஐந்து இடத்தில் சொல்ல வைத்தார். என் வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அன்று ஒருநாள்தான்.

அன்றே அதே வண்டியில் வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் காலையில் மாமா வந்தார். சும்மா வரவில்லை. வண்டியில் வேட்டி அடுக்கிய தாம்பாளத் தட்டுகள், வாழைத்தார், மாலை, முன்னால் ஒரு மேளம், ஒரு நாயனம். தெருவே வெளியில் வந்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டது. அண்ணன் ஓடிப்போய் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "பொண்ணு வெக்கப்படுது" என்று அத்தை சத்தமாகச் சொன்னாள்.

அய்யா தோட்டத்தில் இருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்தில் நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாமாவும் வண்டியை விட்டு இறங்கி, கைகூப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஆத்தா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு அடியில் இருந்து செவலை வந்தது. நேராக அய்யாவிடம் போய், ஈரக்காலை மோந்து பார்த்துவிட்டு, வாசலில் படுத்துக்கொண்டது.

"ஏலே" என்றார் அய்யா நாயைப் பார்த்து. "வழி தெரிஞ்சு வந்திட்டியா?"

"நான் கூப்பிடல மாப்ள" என்றார் மாமா. "அதுவாத்தான் வண்டி பின்னாலயே வந்துச்சு."

"நல்ல வீடு எதுன்னு அதுக்குத் தெரியும்ல, மச்சான்" என்றார் அய்யா.

மாமா முதலில் சிரித்தார். பிறகு அய்யா சிரித்தார். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளமே கொட்டிவிட்டார்.

உள்ளே போனதும் மறுபடி சண்டை. பதினொன்றும் தாய்மாமன் வேட்டியாகவே இருந்தால் தகப்பன் எடுத்தது எங்கே போகும் என்று அய்யா கேட்டார். தன் மூன்றையும் வைத்தார். பதினாலு ஆனது. இரட்டைப்படை ஆகாது என்றாள் அத்தை. உடனே மாமா தன் தோளில் கிடந்த புது வேட்டியையும் எடுத்துப் போட்டார். சித்தப்பாவின் கம்பளி வேறு. பெட்டி மூடவில்லை. மாமா மூடிமேல் உட்கார்ந்தார். அப்படியும் மூடவில்லை. "தள்ளுங்க மச்சான்" என்று அய்யாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆத்தா குனிந்து கொக்கியை மாட்டினாள். கொக்கி மாட்டிய பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. அங்கேயே வெற்றிலைப்பையை அவிழ்த்துக்கொண்டு, செவலைக்குக் கேப்பைக் கூழ் நல்லதா, சோளக் கூழ் நல்லதா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மத்தியானம் கறிச்சோறு. அதன் பிறகு இருவரும் வேப்பமரத்தடிக் கட்டிலுக்குப் போனார்கள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். ஆத்தாவும் அண்ணனும் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆத்தா வேட்டிகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து, மடிப்புக் கலையாமல் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் மாமா கொண்டுவந்ததில் இரண்டும் அய்யா எடுத்ததில் இரண்டும் மட்டும் இருந்தன. அண்ணன் சிரித்துக்கொண்டே பெட்டியைச் சாத்தினான். ஒற்றை விரலால் தள்ளியதும் மூடிக்கொண்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆத்தா! மாமாகிட்டச் சொல்லப் போறேன்!"

"ஏலே, மெதுவா" என்று என் வாயைப் பொத்தினாள். "அங்கன பேசிக்கிட்டு இருக்காகல்ல."

அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. வெளியில் மாமா எதற்கோ தொடையைத் தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கழித்தல் கணக்கு அப்போதுதான் வந்திருந்தது. பதினைந்தில் பதினொன்று போனால் நாலு. அந்த நாலைத்தான் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டானே. அதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் சண்டை போட்டு, என்னைத் தேங்காய் வண்டியில் கோம்பைக்கு அனுப்பி, ஐந்து இடத்தில் பேசவும் வைத்தாளே என்று எனக்குக் கோபமாக வந்தது. பாவம், எங்கள் ஆத்தாவுக்குக் கணக்கே வராது என்று வெகுநாள் வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.