திரும்பி வந்த கிண்ணங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, மலாக்கா உஜோங் பாசிரில் மீன் விற்கும் இடத்தில், இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிற ஆளு நீங்க... இங்க மசாலா விக்கிறீங்களா?"

விற்கிறேன் ஐயா! எப்படி என்று கேளுங்கள்.

என் மனைவி கமலம் அம்மியில் அரைக்கும் மீன்கறி மசாலாவைப் பற்றி இங்கே பலமுறை அளந்திருக்கிறேன். அதை விற்றால் என்ன? பாதியிலேயே பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். வியாபாரம் எல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? ஆனாலும், சோதித்துப் பார்க்காமல் இறங்கக் கூடாது என்று தெரிந்திருந்தது.

காஜா பெராங்கில் எங்கள் வரிசையில் வீட்டுக்கொரு கிண்ணம் மசாலா கொடுத்தோம். மறுநாளே கிண்ணங்கள் திரும்பின. ஒன்றில் சீனி. ஒன்றில் வாழைப்பழம். எதிர்வீட்டு முனியம்மாவின் கிண்ணத்தில் முட்டை!

"அண்ணே, இத வித்தீங்கன்னா மலாக்காவே ஒங்க வாசல்ல நிக்கும்!" என்றார் முனியம்மா.

போதாதா? மாதக் கடைசியில் கண்டக்டர் வேலையை விட்டுவிடுவது, கடைக்கு இடம் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சுதந்திரம் வாங்கி மலாயா நாடே சொந்தக் காலில் நிற்கப் போகிறது... நான் நிற்கக் கூடாதா?

முடிவு செய்த கையோடு கவலையும் வந்து உட்கார்ந்தது. சம்பளம் நின்று, மசாலாவும் நின்றால்? பிள்ளைகள் கதி?

"கமலா, எல்லாருக்கும் பிடிச்சிருக்குதானே?"

"சும்மா கெடச்சா யாருங்க கொற சொல்வாங்க?"

"அப்ப அந்த முட்ட?"

"வெறும் பாத்திரத்தத் திருப்பக் கூடாதுன்னு போட்டது. அன்னிக்கு அடிப்பிடிச்ச பாயாசம் குடுத்தோமே... அதுக்கும் சீனிதானே வந்துச்சு!"

தூக்கிவாரிப் போட்டது. ஊர் மரியாதையை அல்லவா நான் கிராக்கி என்று நினைத்திருக்கிறேன்!

சரி, எங்களோடு கிண்ணம் மாற்றிக்கொள்ளாத இடத்துக்குப் போவோம், விலை சொல்லி விற்போம் என்றாள் கமலம். அப்படித்தான் உஜோங் பாசிர்.

முதல் ஞாயிறு, மீன்காரர் பக்கத்தில் மசாலா டின்களோடு நின்றோம். அந்தப் பக்கம் குடியிருக்கும் போர்த்துகீசிய அம்மாள் ஒருவர் முகர்ந்தார், தலையாட்டினார், விலை கேட்டார் – நடந்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே. நான் டின்களையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். கமலம்தான் அந்த அம்மாள் பின்னால் ஓடிப்போய், ஏன் வேண்டாம் என்று மலாயில் கேட்டாள்.

"நான் வாங்கியது ஒரே ஒரு மீன். டின் நிறைய மசாலாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?"

அட! ருசியில் கோளாறு இல்லை, டின்னில்தான் கோளாறு. வாழையிலை வாங்கி, ஒரு சட்டிக் குழம்புக்கு ஒரு பொட்டலம் என்று கட்டினாள் கமலம். அந்த அம்மாளும் ஒன்று வாங்கினார். வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்தது.

கவலைக்காரனுக்கு அது போதுமா? ஒரு தடவை வேடிக்கைக்கும் வாங்கலாமே!

போன ஞாயிறு அதே அம்மாள் வந்தார். இலை வேண்டாம் என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கிண்ணத்தை நீட்டினார்.

"இதில் போடு. போன வாரம் காரம் அதிகம். அடுத்த வாரம் குறை."

குறையும் சொல்கிறார், காசும் கொடுக்கிறார், அடுத்த வாரமும் வருகிறார்! கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சீனி இல்லை, பழம் இல்லை. வெறும் கிண்ணம். மரியாதைக்கு அல்ல, மசாலாவுக்கே வந்த கிண்ணம்!

கண்டக்டர் வேலையை இப்போதைக்கு விடவில்லை. ஞாயிறுதோறும் உஜோங் பாசிர். அங்கே நீளும் வெறும் கிண்ணங்கள் பெருகட்டும், அப்போது டிக்கெட் பையைத் தைரியமாகக் கழற்றி வைக்கிறேன்.

முனியம்மா, உங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை கிண்ணத்தில் முட்டை வேண்டாம்... ஒரு குறையைப் போட்டு அனுப்புங்கள்!