நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியத்துல

ரொசால்பினாவிடம் யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான். "நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியத்துல. நீங்க எப்படி?" பொயாக்கா மலைப்பக்கத்தில் எல்லோருக்குமே இந்தப் பழக்கம் உண்டு. எடுத்த எடுப்பில் குறையைக் கொட்டினால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். ஆனால் ரொசால்பினா இதில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவள். சந்தையில் சோள ரொட்டி விற்ற காலத்தில், அடுப்பில் கை வெந்து கொப்பளித்த அன்றும் வந்தவர்களிடம் அதையேதான் சொன்னாள்.

மகள் மார்லெனிக்குத் தலைநகர் பொகோட்டாவில் வேலை. அப்பாவும் அம்மாவும் மலையில் தனியாக இருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். "கோழிங்களை யாரு பாப்பா, நீயா?" என்பார் அப்பா கம்ப்போ எலியாஸ். அதனால் கிறிஸ்துமசுக்கு வந்தபோது ஓர் உதவிப் பொத்தான் வாங்கி வந்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அமுக்கினால் சுவர்ப் பெட்டியில் ஒரு பெண் பேசுவாள், ஆம்புலன்ஸ் அனுப்புவாள்.

ஒத்திகை பார்த்தார்கள். அம்மா அமுக்கினாள். 'தோன்யா' என்று மரியாதை வைத்துப் பெட்டிப் பெண் கேட்டாள்.

"தோன்யா ரொசால்பினா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியத்துல. நீ எப்படிம்மா? அங்க குளிரா? சாப்டியா?"

மார்லெனிக்கு மானம் போயிற்று. "சும்மா பழக்கிப் பாக்கிறோம்" என்று பெட்டியிடம் சொல்லி முடித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, அவங்களுக்கு ஆயிரம் வேலை. கதை பேசாதீங்க. சும்மா சும்மா அமுக்கித் தொந்தரவும் பண்ணாதீங்க."

அப்பா வெல்லத் தண்ணிக் கோப்பையோடு சிரித்தார். "உங்கம்மாகிட்ட போய்ச் சொல்றியே! நீ பொறக்கறப்ப வலியில துடிச்சிக்கிட்டே மருத்துவச்சிகிட்ட 'உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா'ன்னு கேட்டவ."

மார்லெனியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அப்பா விளையாட்டாகச் சொன்னது எச்சரிக்கை என்று அப்போது உறைக்கவில்லையே.

பெப்ரவரியில் ஒரு பிற்பகல். கொல்லையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். வாய் கோணியிருந்தது. அம்மா வீட்டுக்குள் ஓடிவந்து பொத்தானை அமுக்கினாள்.

"தோன்யா ரொசால்பினா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியத்துல. நீங்க எப்படி?"

"நானும் நல்லா இருக்கேன். தெரியாம கை பட்டுடுச்சா? பரவாயில்ல, தோன்யா." பெட்டி அடங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணு பதில் சொன்னதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் அம்மா பிறகு. மறுபடி அமுக்கவில்லை. தொந்தரவு பண்ணாதே என்று மகள் சொல்லியிருந்தாளே. சரிவில் இறங்கி, ஜீப் வைத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரரைத் தேடிப் போனாள். அவர் மாட்டுத் தொழுவத்தில் இருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா பிழைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கீங்க என்று கேட்டார்கள். அம்மா ஒருவரையும் ஏமாற்றவில்லை. அத்தனை பேரிடமும் அதே பதில். கேட்கக் கேட்க மார்லெனிக்குத் தன் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அமுக்கச் சொல்லிக் கொடுத்தாள்; அமுக்கியதும் முதலில் எதைச் சொல்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அப்பாவுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலை அம்மா அடுப்படியில் சோள மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மார்லெனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எப்படி இருக்கீங்க என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"அம்மா, எங்க வலிக்குது?"

அம்மாவின் கை மாவிலேயே நின்றது. இந்தக் கேள்விக்கு அவளிடம் தயாராகப் பதில் இல்லை.

"எல்லா இடத்துலயும் வலிக்குது மகளே" என்று உடைந்து அழுதாள். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. மாவுக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு அந்தப் பொண்ணும் இப்படிக் கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேனே."