தூசிக்கு நான் சொன்ன பதில்

என் மகன் இறந்த நான்காம் மாதம், அவனுடன் பணியாற்றிய பெண் ஒருத்தி சென்னையிலிருந்து உத்திரமேரூர் வந்திறங்கி, ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவனுடைய குறிப்பேடு அவளுக்கு வேண்டியிருந்தது. நிலவில் கட்டவிருக்கும் தரவு மையத்தில், கணினிகளின் வெப்பத்தை விண்வெளிக்கு உமிழும் தகடுகளை வடிவமைத்தவன் அவன். அங்கே வெப்பத்தைச் சுமந்து செல்லக் காற்று இல்லை. அந்தத் தகடுகள்தான் எல்லாம். திங்கட்கிழமை அவ்வடிவமைப்பு அவன் பெயரிலேயே இறுதியாகும் என்றாள்.

நான் கல்லூரியில் வெப்பவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவள் வருவதற்கு முன் மூன்று நாட்கள் அந்தக் குறிப்பேட்டை வாசித்திருந்தேன். தூசி படிந்தால் தகட்டின் திறன் எவ்வளவு குறையும் என்று 'தூசிக்கான கழிவு' எனக் குறித்திருந்த ஒரு வரியை அவன் அடித்திருந்தான். அருகில் இருந்த தேதி எனக்கு நன்றாகத் தெரிந்த தேதி.

அன்று ஏரித் தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்பும் முறை. மேல்வயல்காரர் நேரத்துக்கு முன்பே வாய்க்காலை அடைத்துவிடுவார் என்ற பதற்றத்தில் வரப்பில் நின்றிருந்தேன். கைபேசியில் மகன் கேட்டான்:

"அப்பா, கலம் இறங்கும்போது கிளம்புற தூசி தகட்டு மேல படியுமா?"

"காத்தே இல்லாத எடத்துல தூசி எப்படிடா மெதக்கும்? அங்கயே விழுந்துடும். விட்டுடு."

மிதக்காது என்பது சரிதான். ஆனால் தடுக்கக் காற்றில்லாததால் வெகுதூரம் பாயும், மின்னூட்டத்தால் ஒட்டிக்கொள்ளும். அன்று அதை நான் யோசிக்கவில்லை. வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் வந்தது அறுவடைக் காலம். எங்கள் வயலில் வேலை செய்யும் அம்மாள், வீட்டெதிரே இருந்த சோலார் பம்பின் பலகைகளிலிருந்து பதரையும் தூசியையும் ஈரத்துணியால் துடைத்தபடியே அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னாம்மா, நெலாவுல வூடு கட்றீங்களாமே?"

"வூடு இல்லக்கா, கம்ப்யூட்டருக்குக் கட்டடம்."

"அங்க யாரு தொடைக்கிறது? என்னிய கூப்புடாதம்மா, பஸ்ஸு கெடையாது."

அவள் சிரித்தாள். "அங்க தொடைக்கவே வேணாங்க்கா. தூசியே படியாது. சார் பையன் கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு."

இனி நான் பேசாதிருந்தால் அது பொய்.

"படியும்," என்றேன்.

அவளை உள்ளே அழைத்துப் போய், தூசி படிந்தால் தகடு உமிழும் வெப்பம் எவ்வளவு குறையும் என்று கணக்கை விளக்கினேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வற்றியது.

"தகட்டப் பெருசாக்கினா எடை தாங்காது சார். இன்னொரு டீமோட டிசைனத்தான் எடுப்பாங்க."

"தெரியும்."

ஒரு தாளில், பிழை என்னுடையது, என் சொல்லை நம்பியே அவன் அவ்வரியை அடித்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். அவள் இருமுறை படித்தாள்.

"இது வேணாம் சார். வெளி ஆளக் கேட்டுக் கணக்கு போட்டார்னு ஆயிடும். அது இன்னும் கெட்ட பேரு."

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவள் வாசலில் நின்று அலுவலகத்துக்குப் பேசினாள். என் மகனின் பெயரைச் சொல்லி, "அவர் கணக்குல ஒரு தப்பு இருக்கு," என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமா, யாரையும் கேக்கல, அவரேதான் போட்டது," என்றாள்.

நான் தலையசைத்தேன்.